ஐரின் மேடத்தின் ஆபீஸ் காப்பி

“போச்சா?” என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் ஞானதாஸ்.

“போயிருந்தா நான் ஏன் இங்க உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கேன்?” என்றாள் ஐரின்.

கம்ப்யூட்டர் திரையின் இடது ஓரத்தில் ‘அவுட்பாக்ஸ்’ என்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒன்று என்ற எண். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்த ஒன்று, வியாழக்கிழமை காலை பத்து மணியாகியும் எழுந்திருக்கவில்லை. ஐரின் ‘அனுப்பு’ பட்டனை மவுஸால் ஒரு குத்து குத்தினாள். பச்சைக் கோடு ஒன்று நம்பிக்கையோடு கிளம்பி, பாதி வழியில் நின்று, சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று கையை விரித்தது.

“தொடர்புகொள்ள முடியலையாம். அவ்வளவு பெரிய மனுஷனா இந்த சர்வர்?”

“மெதுவா குத்து ஐரின். மவுஸ் என்ன பண்ணுச்சு, பாவம்.”

“உங்களுக்கு உலகத்துல எல்லாரும் பாவம். நான் ஒருத்திதான் பாவமில்ல.”

ஞானதாஸ் அதோடு நிறுத்திக்கொண்டார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்பு விளக்கைப் பார்த்தால் நின்றுவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே படுக்கையறையில் வாளிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ‘டொக் டொக்.’ அப்புறம் கணக்கில்லாமல்.

“குளிக்கிறான்” என்றாள் ஐரின்.

மந்தைவெளியில் அவர்கள் வீடு இரண்டாவது மாடியில். மூன்றாவது மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர் அப்துல் சமத். அவர் அங்கே குடியில்லை. ஆழ்வார்பேட்டையில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, இந்த வீட்டைப் பிரணவ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். விட்டதோடு நிற்காமல், படுக்கையறை ஓரத்தில் புதிதாக ஒரு பாத்ரூமும் கட்டிக் கொடுத்துவிட்டார். பிரணவ் மேலே குளித்தால் கீழே ஐரின் வீட்டில் மழை.

அதுவும் எங்கே? கூரையில் தொட்டில் கட்டுவதற்கென்று ஒரு கொக்கி இருக்கிறதே, சரியாக அந்தக் கொக்கி வழியாக. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் லிண்டாவுக்குத் தூளி கட்டிய கொக்கி அது. சனிக்கிழமை காலை லிண்டா மஸ்கட்டிலிருந்து நாலு மாதக் குழந்தையோடு வந்து இறங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் கோயிலில் ஞானஸ்நானம். அந்தக் கொக்கியில்தான் தூளி கட்ட வேண்டும்.

“தூளியில போட்டா வீட்டுலயே ஞானஸ்நானம் ஆயிடும்” என்று இரண்டு நாள் முன்பு ஞானதாஸ் ஒரு ஹாஸ்யம் சொன்னார். அன்று ராத்திரி அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

ஐரின் சமத்துக்கு ஆறு தடவை போன் செய்திருந்தாள். ஆறு தடவையும் ஒரே பதில்.

“மேடம், போன்ல சொன்னா எனக்கு மறந்துடும். ஒரு மெயில் போட்டுடுங்க. எழுத்துல வந்தாத்தான் நான் ஆளுங்களை அனுப்புவேன்.”

ஆறாவது தடவை போனை வைத்தபோது ஐரினின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

“எழுத்துலயா? யாருகிட்ட எழுத்துல கேக்கறான்? என்னங்க, முதல்ல அந்த ஆள் நம்பரை ரெண்டு போன்லயும் பிளாக் பண்ணுங்க. இனி அவனோட பேச்சே கிடையாது. எழுத்துதான்.”

ஞானதாஸ் பிளாக் பண்ணினார்.

அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் ஐரின் முப்பத்துமூன்று வருஷம் ஆபீஸைக் கட்டி ஆண்டவள். அதில் பதினெட்டு வருஷம் தலைமை கிளார்க். எட்டு தலைமையாசிரியைகள் வந்து போனார்கள், ஐரின் போகவில்லை. அவளுடைய ஆபீஸில் ஒரே ஒரு சட்டம்தான். வெளியே போகிற எந்தக் கடிதத்துக்கும் ஓர் ஆபீஸ் காப்பி ஃபைலில் ஏற வேண்டும். ஆபீஸ் காப்பி ஏறவில்லை என்றால் அந்தக் கடிதம் போகவில்லை. தபால்காரரே வந்து, நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சத்தியம் செய்தாலும் போகவில்லை.

கம்ப்யூட்டரிலும் அதே சட்டம்தான். ‘சென்ட்’ என்ற ஃபோல்டர்தான் அவளுக்கு ஆபீஸ் காப்பி ஃபைல். அங்கே ஏறினால் போன கடிதம். அவுட்பாக்ஸில் நின்றால் போகாத கடிதம்.

“போன்லயே மெயில் அனுப்பிடலாமே?” என்று நேற்றே கேட்டுப் பார்த்தார் ஞானதாஸ்.

“ஏன், டிஷ்யூ பேப்பர்ல எழுதி ஜன்னல் வழியா போட்டுடலாமே? அஞ்சு பாரா, எண் போட்ட போட்டோ எட்டு. இதைக் கட்டைவிரலால அனுப்பறதா?”

பேசாமல் இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண்ணைச் சுழற்றினாள். இருபது நிமிஷம் வயலின் வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

“குட் மார்னிங் மேடம், உங்களுக்கு எப்படி உதவலாம்?”

“என் மெயில் போகல.”

“அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் மேடம்.”

“நீ ஏம்மா வருந்தறே? அதை அனுப்பு, போதும்.”

“மேடம், மெயில் புரோகிராம்ல அக்கவுன்ட் செட்டிங்ஸ் போங்க. அட்வான்ஸ்டுன்னு இருக்கா?”

“இருக்கு.”

“அவுட்கோயிங் சர்வர்னு போட்டு பக்கத்துல இருபத்தஞ்சுன்னு இருக்கா? அது பழைய போர்ட் மேடம், இப்ப மூடிட்டோம். அஞ்சு, எட்டு, ஏழுன்னு மாத்துங்க.”

“மூடினா வாசல்ல ஒரு போர்டு வைக்க மாட்டீங்களா? சரி, மாத்திட்டேன்.”

“அதுக்குக் கீழ ஒரு கோடு தெரியுதா மேடம்? சர்வர் பதில் சொல்ற வரைக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்னு அதுல வைக்கலாம். உங்க மெயில்ல போட்டோ நிறைய இருக்கறதால, அதைக் கொஞ்சம்…”

“நான் காத்திருக்கணுமா?”

“ஆமா மேடம், மெயில் வந்து சேந்துச்சுன்னு சொல்ல சர்வருக்கு டைம் குடுக்கணும்…”

“ஆறு நாளா சமத்துக்கு டைம் குடுத்தேன். இருபது நிமிஷமா உன் வயலினுக்கு டைம் குடுத்தேன். இப்ப சர்வருக்கு வேறயா?” என்று சொல்லி, ஐரின் போனை வைத்தாள். கோட்டின் மேல் இருந்த சின்னக் கட்டையைப் பிடித்து இடது கோடிக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள். “பத்து செகண்ட். அதுக்குள்ள பதில் சொல்லணும். ஸ்கூல்ல நான் ஒருத்தருக்கும் இவ்வளவு குடுத்ததில்ல.”

“நான் முப்பது வருஷம் சிக்னலுக்குக் காத்திருந்துதான் வண்டி விட்டேன்” என்றார் ஞானதாஸ்.

“அதனாலதான் உங்க வண்டி ஒரு நாளும் நேரத்துக்கு வரல.”

அனுப்பு பட்டனைக் குத்தினாள். பச்சைக் கோடு கிளம்பியது. இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை. கடைசி வரை ஓடியது. ஐரின் நாற்காலியில் நிமிர்ந்தாள். பத்து செகண்ட் கழிந்ததும் ஒரு பெட்டி வந்தது. சர்வரிடமிருந்து பதில் இல்லை. அவுட்பாக்ஸ், ஒன்று.

“பதில் இல்லையாம்!”

“சமத் மாதிரியே” என்றார் ஞானதாஸ். ரசத்தை மறந்துவிட்டார்.

மறுபடி உதவி எண். மறுபடி வயலின். இந்தத் தடவை ஓர் ஆண் குரல்.

“மேடம், உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கறோம். என்ன பிரச்சினைன்னு விவரமா ஒரு மெயில் அனுப்பிடுங்க.”

ஐரினின் மூக்கு நுனி மறுபடி சிவந்தது. அதைப் பார்த்து ஞானதாஸ் எழுந்து போய் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில் ஏற்கெனவே ஊற்றிய செடி.

“தம்பி,” என்றாள் கடைசியில், “உனக்குப் பேச்சே வரலைன்னா, அதை வாயாலதான் சொல்லுவியா?”

அந்தப் பையன் அசௌகரியத்துக்கு வருந்தினான்.

அவள் அவுட்பாக்ஸைத் திறந்து, போகாத கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தாள். நேற்று எழுதியது ரொம்ப மரியாதையாக இருந்தது. ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று ஆரம்பித்து ‘ஆவன செய்யுமாறு’ என்று முடிந்தது. மரியாதைக்கு இந்த நாட்டில் மரியாதை இல்லை என்று முடிவு செய்து, ‘கவனத்தை’ எடுத்துவிட்டு ‘அலட்சியத்தை’ப் போட்டாள். கோர்ட் என்ற வார்த்தையை இரண்டு இடத்தில் சேர்த்தாள். வாளியின் புகைப்படம் ஒன்று, கொக்கியின் புகைப்படம் இன்னொன்று. அனுப்பு.

பச்சைக் கோடு. பத்து செகண்ட். பதில் இல்லை. ஒன்று.

“வாஜிதைக் கூப்பிடுங்க” என்றாள்.

வாஜித் கச்சேரி ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நாற்பது வயது, எப்போதும் பாதி வேலையை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருப்பான். பதினொன்றரைக்கு வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னா மேடம், மூஞ்சி இப்படி செவந்து கீது?”

“மெயில் போகல.”

“அவ்ளோதானா? நான் சாருக்கு இன்னாவோ ஏதோன்னு பயந்துக்கினே வந்தேன். சீக்கிரம் பாத்துடலாம், வண்டிய ராங் எடத்துல வுட்டுட்டு வந்துகீறேன்.”

உட்கார்ந்தான். தட்டினான். தன் பெயருக்கே ‘ஹலோ’ என்று ஒரு மெயில் போட்டான். அது டிங்கென்று போய், சென்ட் ஃபோல்டரில் ஏறிக்கொண்டது.

“பாத்தீங்களா, போவுது. ரோடு கிளியர். உங்க மெயிலுதான் மேடம் வெயிட்டு. பத்து போட்டோ வச்சிகீறீங்க. நாலத் தூக்கிடுங்க, போய்டும்.”

“அதெல்லாம் ஆதாரம். ஒண்ணுகூட எடுக்க முடியாது.”

“சரி, வுடுங்க. இது அரை மணிக்கு ஒரு தபா டிரை பண்ணிக்கினு கீது. நான் நிமிசத்துக்கு ஒரு தபான்னு போட்டுடறேன். முட்டிக்கினே இருந்தா ஏதாச்சும் ஒரு தபா உள்ள போய்டும். பஸ்ல ஏறுற மாதிரிதான்.”

“போடு.”

“இன்னொண்ணு. வர்ற மெயிலும் போற மெயிலும் ஒரே சந்துல மோதிக்குது. மாட வீதி மாதிரி ஒன்வே ஆக்கிடலாமா? போறது மட்டும் போவட்டும். வர்றத நிறுத்திடறேன்.”

“எனக்கு எவன் மெயில் போடப் போறான்? நிறுத்து.”

வாஜித் நிறுத்தினான். கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள். “என் வண்டிய சொல்றானுங்க” என்று எழுந்தான்.

“வாஜித், போயிடும்ல?”

“கேரண்டி மேடம். சர்வர் ‘வந்துச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், இது தானா சென்ட்ல ஏத்திக்கும்.”

“அந்த ஒரு வார்த்தையைத்தானே நேத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்!” என்று அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள் ஐரின். முதுகு படியிறங்கிவிட்டது.

அன்று பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை முட்டியது. பச்சைக் கோடு ஓடும், பத்து செகண்ட் கழியும், பதில் இருக்காது, மறுபடி ஓடும். ஐரின் சோறு வடித்தாள், மீன் குழம்புக்குப் புளி கரைத்தாள். நடுநடுவே ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவுட்பாக்ஸ், ஒன்று.

பார்க்கும்போதெல்லாம் கோபம் ஒரு படி ஏறியது. ஏறிய கோபத்தைக் கொட்ட ஓர் இடம் வேண்டுமே? கடிதம்தான் திறந்து கிடக்கிறதே.

ஒரு மணிக்கு ‘திரு’வை எடுத்தாள். இரண்டு மணிக்கு, ஆபீஸ் தமிழில் ஆரம்பித்த கடிதம் மூன்றாவது பாராவில் சண்டைத் தமிழுக்கு இறங்கியது. இரண்டரைக்கு ‘தாங்கள்’ ‘நீங்கள்’ ஆனது; மூன்று மணிக்கு ‘நீர்’ ஆனது. நாலு மணிக்கு மேலே பிரணவ் துணி துவைத்தான். வாளி நிரம்பித் தரையில் வழிந்தது. லிண்டாவுக்காகப் புதிதாக வாங்கிப் போட்டிருந்த மெத்தையின் ஒரு மூலை நனைந்தது.

ஐரின் மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விசைப்பலகை அலறியது.

“என்ன எழுதறே?” என்று பின்னால் வந்து நின்றார் ஞானதாஸ். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். “‘சமத், நீர் மனிதரா, எருமையா? எருமை என்றாலும் அது தண்ணீரில் தான்தான் படுத்துக்கொள்ளும், அடுத்தவர் கட்டிலில் ஊற்றாது’… ஐரின்!”

“கீழ படிங்க.”

“‘இந்தத் தண்ணீர் ஒரு நாள் உம் தலையிலும் கொட்டும். அன்றைக்கு நீர் என் வாசலில் வந்து நின்று கெஞ்சினாலும் ஒரு குடைகூடத் தர மாட்டேன்.’ சேசுவே! வேணாம்மா. போயிடப் போகுது.”

“எங்க போகப் போகுது? ரெண்டு நாளா போகாதது இப்பவா போகும்? எழுதினா எனக்கு ஆறுது. விடுங்க.”

“அப்ப அனுப்பு பட்டனை ஏன் அழுத்தறே?”

“அழுத்தினாத்தான் ஆறுது.”

பச்சைக் கோடு ஓடியது. பத்து செகண்ட். பதில் இல்லை. ஒன்று.

ஐரினுக்கு நிஜமாகவே ஆறியது. ஆறரை மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஜெபமாலைக்கு உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி போட்டாள். அது எழுந்ததும் எழாததுமாக முட்ட ஆரம்பித்தது. ஒன்பதடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேலே ‘தடால்’ என்று ஒரு சத்தம். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து வாளிக்குள் விழுந்தது.

“இடிஞ்சே விழப் போகுது!” என்று கத்திக்கொண்டு ஐரின் வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் ஓர் ஆள் நின்றிருந்தான். கையில் கடப்பாரை. பின்னால் படியில் இரண்டு பேர், சிமெண்டு மூட்டையோடு; இன்னொருவன் மேலே இடித்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, நான் தௌசீஃப், பிளம்பிங் மேஸ்திரி. சமத் முதலாளி அனுப்பிச்சாரு. மேல பாத்ரூம ஒட்டுக்கா ஒடச்சி எடுக்கச் சொன்னாரு. உங்க ரூம்ல கூரையையும் பூசி, பெயின்ட் அடிச்சுத் தரணுமாம். எங்கம்மா ஒழுவுது?”

ஐரின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “யாரு அனுப்பினா?”

“சமத் முதலாளி. நேத்து சாயங்காலம் போன் போட்டு, வேற எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு மொதல்ல இங்க போன்னாரு. தூளி கட்ற கொக்கியாமே? அதையும் புச்சா போட்டுத் தரச் சொன்னாரு.”

போனில் தண்ணீர் ஒழுகுவதைத்தான் சொல்லியிருந்தாள்; அவருக்குக் கொக்கி வரைக்கும் தெரிந்திருக்கிறது.

பிரணவ் சோப்புப் பெட்டியோடு படியிறங்கி வந்தான். “சாரி ஆன்டி, இனிமே அந்தப் புது பாத்ரூமே கிடையாதாம். இன்னிக்கு நான் ஜிம்ல குளிச்சுக்கறேன்.”

“நீதான் சமத் சார்கிட்ட சொன்னியா தம்பி, லிண்டா வரா, கொக்கி இருக்குன்னு?”

பிரணவ் ஒரு நொடி யோசித்தான். நல்ல பெயர் சும்மா வரும்போது வேண்டாம் என்று சொல்கிற வயது இல்லை. “எல்லாம் உங்களுக்காகத்தான் ஆன்டி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஐரின் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னங்க.”

“ம்.”

“அந்த மனுஷன் தானாவே செஞ்சிருக்காரு.”

“அப்படித்தான் தெரியுது.”

“எழுத்து கேக்கல. காகிதம் கேக்கல. யாரோ ஒரு பையன் வாய் வார்த்தையா சொன்னதைக் கேட்டு, நாலு ஆளை அனுப்பியிருக்காரு. நான் அவரைப் போய்…”

இருவரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்கள். பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

“எருமை!” என்றார் ஞானதாஸ்.

“ஐயோ மாதாவே, அழிங்க, அழிங்க!”

“நீ அழி, உனக்குத்தானே தெரியும்!”

ஐரின் பாய்ந்து மவுஸைப் பிடித்தாள். அவுட்பாக்ஸ். கடிதம். அழி. திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது: இந்தக் கடிதத்தை அனுப்பும் வேலை தொடங்கிவிட்டது, இப்போது அழிக்க முடியாது.

“தொடங்கிடுச்சாம்! ரெண்டு நாளா போகாத சனியன் இப்பப் போகுதாம்!”

“நிறுத்து, நிறுத்து!”

“எதை நிறுத்தறது? பிரேக்கா இருக்கு இதுல? வயரைப் புடுங்குங்க!”

முப்பது வருஷம் ரயிலை நிறுத்திய கை. ஞானதாஸ் மேஜைக்கு அடியில் நுழைந்து, கையில் கிடைத்த ஒயரை இழுத்தார். டேபிள் ஃபேன் நின்றது. இன்னொன்றை இழுத்தார். இன்டர்நெட் பெட்டியின் விளக்குகள் அணைந்தன. பச்சைக் கோடு நின்றது.

ஐரின் அழித்தாள். குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தாள். அவுட்பாக்ஸில் இரண்டு நாளாக இருந்த ஒன்று காணாமல் போனது. மேஜைக்கு அடியிலிருந்து ஞானதாஸ் தலையை நீட்டினார், தலையில் ஒட்டடை.

“போயிடலையே?”

சென்ட் ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். வாஜிதின் ‘ஹலோ’ மட்டும் இருந்தது. “ஆபீஸ் காப்பி இல்ல. போகல.” நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “முப்பத்துமூணு வருஷத்துல ஒரு கடிதம் போகாததுக்கு நான் சந்தோஷப்பட்டது இதுதாங்க முதல் தடவை. நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொல்லணும்.”

“எருமையையா?”

“வாயை மூடுங்க.”

வயரையெல்லாம் திரும்பச் செருகினார்கள். ஐரின் புதிதாக ஒரு கடிதம் எழுதினாள். சின்னக் கடிதம். மதிப்புக்குரிய சமத் அவர்களுக்கு, நான் ஒரு வரிகூட எழுதாமலேயே எங்கள் கஷ்டத்தை உணர்ந்து ஆள் அனுப்பிய தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. கடிதம் எழுதினால்கூடப் படிக்காத மனிதர்கள் நிறைந்த இந்தக் காலத்தில், எழுத்தில் கேளாமலே செய்யும் தங்களைப் போன்றோர் அரிது. இப்படிக்கு, ஐரின் ஞானதாஸ்.

அனுப்பு பட்டனைத் தொட்டாள். குத்தவில்லை, தொட்டாள். டிங்.

இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். அவுட்பாக்ஸ் காலி. சென்ட் ஃபோல்டரில் ஆபீஸ் காப்பி பளபளவென்று ஏறியிருந்தது.

“பாத்தியா?” என்றார் ஞானதாஸ். “கோவம் இல்லாத மெயிலுக்கு வெயிட்டு கம்மி.”

ஐரினுக்கு அதற்குக்கூடக் கோபம் வரவில்லை.

மேலே பகல் முழுக்க இடித்தார்கள். ஐரின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்கள் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து குழாயை அடைத்தார்கள், தரையைப் பூசினார்கள். கீழே வந்து கூரையைச் சுரண்டி, சீக்கிரம் காய்கிற பூச்சு ஏதோ பூசி, வெள்ளை அடித்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குப் புதுக் கொக்கியில் தௌசீஃப் இரண்டு கையாலும் தொங்கிக் காட்டினான். மேலே இடித்த பாத்ரூம் இருந்த இடத்தில் பிரணவ் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தான். கீழே ஒரு சொட்டு இல்லை.

ஐரின் உள்ளே போய், பேத்தியின் விசேஷத்துக்குச் சுட்டு வைத்திருந்த அச்சு முறுக்கை ஒரு தட்டு நிறைய எடுத்து வந்தாள். டீயும் போட்டாள்.

“சாப்பிடுப்பா. உங்க முதலாளிக்கும் ஒரு டப்பாவுல போட்டுத் தரேன், கொண்டு போ. தங்கமான மனுஷன்பா அவரு.”

தௌசீஃப் டீயை உறிஞ்சுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். “சொந்தமாம்மா?”

“சொந்தமா? ஒரு வரி நான் எழுதல. ஒரு வார்த்தை திட்டல. எழுதிக் கேக்காமலே செஞ்சாரு. இந்தக் காலத்துல யார் செய்வா?”

“ஆமாம்மா” என்றான் தௌசீஃப், கொஞ்சம் இழுத்து. முறுக்கைக் கடித்தான். மேலே புதுக் கொக்கியைப் பார்த்தான். ஞானதாஸைப் பார்த்தான்.

“என்னப்பா யோசிக்கிறே? வேற ஏதாவது வேலை பாக்கி இருக்கா?”

“வேலையெல்லாம் முடிஞ்சுதும்மா. முதலாளி உங்களாண்ட ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னாரு, அதான் எப்பிடிக் கேக்கறதுன்னு பாக்கறேன்.”

“தாராளமா கேளு. அவர் என்ன கேட்டாலும் செய்யறேன்.”

தௌசீஃப் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையில் நாலாக மடித்திருந்த ஒரு சீட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டான்.

“நேத்துலேர்ந்து நிமிசத்துக்கு ஒண்ணா நானூத்திப் பன்னெண்டு மெயிலு அவரு தலைமேல கொட்டிக்கினே இருந்துச்சாம்மா, இப்பவாச்சும் ஒரு குடை தருவீங்களான்னு கேட்டாரு.”